கேளுங்க மேடம்: கொஸ்டினேர் வந்திருக்கு, ஃபில் பண்ணணுமா?

இந்த தடவை வந்த மெயில்ல நாலு பேர் ஒரே விஷயத்தைத்தான், ஆராய்ச்சிக்குன்னு நம்மகிட்ட கேள்வி கேட்டு தகவல் வாங்குறதைத்தான், வேற வேற பக்கத்துல இருந்து கேட்டிருக்காங்க, அதனால மாமியார் மருமகள் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: மேடம், நான் எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம். ஒரு பிஎச்.டி. ஸ்காலர் அக்காவோட கூகுள் ஃபார்மை எங்க கிளாஸ் குரூப்ல சார் ஃபார்வர்ட் பண்ணிட்டு, ராத்திரி 8 மணிக்குள்ள எல்லாரும் முடிச்சிட்டு 'டன்'னு போடணும்னு சொல்லிட்டாரு. 52 கேள்வி. ஃபார்ம் மேல 'விருப்பம் இருந்தால் மட்டும்'னு இருக்கு, கீழ ரெஜிஸ்டர் நம்பர் கேக்குது. பண்ணலன்னா இன்டர்னல் மார்க்ல கை வைப்பாங்களோ? அதோட நான் ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம், இங்கிலீஷ் சரியா வராது, நான் ஃபில் பண்ணி அந்த அக்கா ஆராய்ச்சி கெட்டுப்போயிடுமோ? (திருநெல்வேலி வாசகி)

கடைசி கேள்வியில இருந்து வர்றேன்மா. கெட்டுப்போகாது. உன்னை மாதிரி ஆளைத் தேடித்தான் அந்தப் பொண்ணு அலையுது, கான்வென்ட்ல படிச்சு சரளமா பேசுறவங்க மட்டும் ஃபில் பண்ணாத்தான் அது கெட்டுப்போகும்.

ஒரு கதை சொல்றேன். 1983 கோடையில அமெரிக்காவுல ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல புதுசா வேற மொழி படிக்க வந்த 225 ஸ்டூடன்ட்ஸ்கிட்ட, மொழி கிளாஸ்னாலே பயமா இருக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேச ஒரு குரூப் ஆரம்பிக்கிறோம், விருப்பம்னா வாங்கன்னு சொன்னாங்க. 78 பேர் வர்றோம்னு சொல்லிட்டாங்க! இடமும் நேரமும் இல்லாம 15, 15 பேரா ரெண்டு குரூப்தான் போட முடிஞ்சுது. அந்தப் பசங்க அங்க கொட்டுன புலம்பல், டீச்சர் என் பேரைக் கூப்பிடப் போறாங்கன்னு தெரிஞ்சாலே நடுங்குது, வீட்டுல படிச்சதெல்லாம் கிளாஸ்ல மறந்துபோகுதுங்கிற மாதிரி பேச்சு, அதை வெச்சுத்தான் அங்க இருந்த ஆராய்ச்சியாளர் எலைன் ஹார்விட்ஸும் கூட இருந்தவங்களும் 33 வாக்கியம் இருக்கிற ஒரு அளவுகோல் பண்ணி 1986ல வெளியிட்டாங்க. இன்னிக்கு உலகம் பூரா மொழிப் பயத்தை அளக்க அதைத்தான் எடுக்குறாங்க, உனக்கு வந்த 52ல பாதி அதுல இருந்து வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். பாரு, அந்த அளவுகோலே நல்லா படிக்கிற பசங்களால வரல, பயந்த பசங்க வாயைத் திறந்ததால வந்துச்சு.

இப்ப இன்டர்னல் விஷயம். மேல 'விருப்பம் இருந்தால்'னு எழுதிட்டு கீழ டெட்லைன் போட்டு 'டன்' கேட்டா அது விருப்பம் இல்ல, அட்டெண்டன்ஸ். மார்க் போடுற கை கேக்கும்போது பசங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது, இது ஆராய்ச்சி பண்ற எல்லாருக்கும் தெரியும். மருத்துவ ஆராய்ச்சிக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017ல போட்ட வழிகாட்டுதல்லயே, மேல கீழ உறவுல இருக்கிறவங்களை கூடுதல் கவனத்தோட நடத்தணும்னு சொல்றப்ப ஸ்டூடன்ட்ஸையும் சேர்த்துத்தான் சொல்லிருக்காங்க. இலக்கிய டிபார்ட்மென்ட்ல மட்டும் என்னமோ அது வேற நாட்டு சட்டம் மாதிரி நடந்துக்கறோம் (நானும் 31 வருஷம் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன், என்னையும் சேர்த்துக்கோ).

சாரோட மல்லுக்கு நிக்க வேண்டாம். அந்த ஸ்காலர் நம்பர் ஃபார்ம்லயே இருக்கும், நேரா ஒரு மெசேஜ் போடு: 'அக்கா, ரெஜிஸ்டர் நம்பர் எதுக்கு, என் பதில் எங்க சாருக்குத் தெரியுமா?' அவ்வளவுதான். ஒழுங்கான ஸ்காலரா இருந்தா அந்தக் கட்டத்தையே எடுத்துடுவா, இல்ல காரணம் சொல்லுவா. எடுக்கலன்னா அந்த இடத்தைக் காலியா விடு, காலியா விட்டா ஃபார்ம் போகமாட்டேங்குதுன்னா நீயும் விட்டுடு.

அப்படியும் மனசு கேக்காம எல்லாரும் பண்றாங்களேன்னு பண்ணுவ, தெரியும். மார்ட்டின் ஓர்ன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1962ல எழுதினது: தெரிஞ்சவங்ககிட்ட ஒரு உதவி பண்ணுவீங்களான்னு கேட்டுட்டு அஞ்சு தண்டால் எடுங்கன்னா 'ஏன்?'னு முழிச்சாங்களாம், வேற சிலர்கிட்ட ஒரு சின்ன ஆராய்ச்சிக்கு வர்றீங்களான்னு கேட்டுட்டு அதே அஞ்சு தண்டால் சொன்னா 'எங்க?'னு கேட்டாங்களாம். ஆராய்ச்சின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏன்ங்கிறது போய் எங்கன்னு ஆயிடுது. நீ கொஞ்சம் 'ஏன்' கேளு.

கேள்வி: நான் பார்ட் டைம் பிஎச்.டி. பண்றேன், தலைப்பு இளங்கலை மாணவர்களோட ஆங்கிலம் பேசும் பயம். 212 பேர் ஃபில் பண்ணதுல 70 பேருக்கு மேல எல்லா கேள்விக்கும் 'ஒத்துக்கிறேன்', 'ஒத்துக்கல' ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நடு கட்டத்தையே டிக் பண்ணி வெச்சிருக்காங்க. ஒருத்தன் ரெண்டு நிமிஷத்துல 60 கேள்வி முடிச்சிருக்கான். நம்ம மொழி டிபார்ட்மென்ட் பசங்களுக்கு ஆராய்ச்சி மனப்பான்மையே கிடையாதா? கைடு வேற திட்டுறாரு. (சேலம் வாசகர்)

தம்பி, ரெண்டு நிமிஷத்துல 60 முடிச்சவனும் உனக்கு ஒரு பதில் சொல்லிருக்கான், 'என்னை விட்டுடுங்க'ன்னு. உன் ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் இல்ல, அதான் நடு கட்டத்துல போய் நின்னுட்டான்.

நான் சர்வீஸ்ல இருக்கும்போது வெளியூர்ல இருந்து ஒரு ஸ்காலர் வந்து என் செகண்ட் இயர் கிளாஸ்ல ஜெராக்ஸ் பேப்பரைக் குடுத்துட்டுப் போச்சு, பெல் அடிக்க கால் மணி நேரம் இருந்துச்சு, பசங்க பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்து பார்த்து டிக் பண்ணுதுங்க, இதுலயும் காப்பி! நான்தான் பேப்பரை வாங்கி அடுக்குனேன். ஒரு பொண்ணு முழுக்க நடுவுலயே போட்டிருந்துச்சு. 'ஆங்கில வகுப்பில் பேச அழைக்கப்படும்போது பதற்றம் அடைகிறேன்'ங்கிற வரிக்குப் பக்கத்துல மட்டும் ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்துல எழுதியிருந்துச்சு: 'இதுவரைக்கும் பேசச் சொன்னதே இல்லையே மேடம்.'

எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா கிளாஸ் என்னோடது. அந்த ஸ்காலரோ நடு கட்டத்துக்கு 3 மார்க்னு போட்டு கணக்குல கூட்டி முடிச்சுடுச்சு, பென்சில் எழுத்துக்கு எக்செல்ல இடம் இல்ல. 1932ல லைக்கர்ட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இந்த அஞ்சு கட்ட முறையைக் கொண்டுவந்தப்ப நடுவுல வெச்சது ரெண்டும் இல்லாதவங்களுக்காக, ஆனா நம்ம பசங்க கேள்வி புரியல, எனக்குப் பொருந்தல, தப்பா சொன்னா மாட்டிப்பேன், போர் அடிக்குது, நாலையும் அங்கதான் கொட்டுதுங்க.

இன்னொண்ணும் இருக்கு, இது நம்ம டிபார்ட்மென்டுக்கே உள்ளது. நம்ம பசங்க பார்த்த ஆராய்ச்சின்னா ஒரு நாவலை எடுத்து அதுல பெண்ணியம், இதுல இயற்கைன்னு தேடுறது. புஸ்தகம் சும்மா இருக்கும், எதுத்துப் பேசாது. திடீர்னு நீதான் புஸ்தகம், உன்னைப் படிக்கப்போறோம்னா ஒரு கூச்சம் வருமா வராதா? அதுவும் இங்கிலீஷ் பயத்தைப் பத்தி இங்கிலீஷ்லயே 60 கேள்வி கேக்குறியே ராசா, அது டெஸ்ட் மாதிரி இருக்காதா. தமிழ்ல கேளு, அதுவும் 'பதற்றம் அடைகிறேன்' வேண்டாம், 'கை கால் நடுங்கும்'னு கேளு, 25 கேள்வி போதும், 'எனக்கு இது பொருந்தாது'ன்னு தனியா ஒரு கட்டம் வை, கீழ எழுத நாலு வரி இடம் விடு. அப்புறம் கைடு கேட்டாலும் கேக்காட்டியும் வைவாக்கு முன்னாடி அந்தக் கிளாஸுக்குத் திரும்பப் போய் பத்து நிமிஷம் என்ன கண்டுபிடிச்சேன்னு சொல்லு. டேட்டா வாங்கிட்டுப் போன ஸ்காலர் திரும்பி வந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அடுத்த வருஷம் அந்த ஸ்காலரோட ஃபிரெண்டு வந்து கேட்டப்ப நாங்க ஃபில் பண்றோம்னு கிளாஸே கை தூக்குச்சு.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். ஹாஸ்டல்ல நாங்க பேசிட்டிருந்ததை சீனியர் அக்கா சொல்லாமலே போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு, வட்டார வழக்கு ஆய்வுக்குன்னு அப்புறம் சொன்னாங்க. மைக் தெரிஞ்சா நீங்க எல்லாம் மேடைத்தமிழ் பேசுவீங்களேன்னு காரணம் வேற. இது சரியா? (மதுரை வாசகி)

காரணம் உண்மைதான், மைக்கைப் பார்த்தா நம்ம ஆளுங்க 'வந்துட்டு இருந்தேன்'ங்கிறதை 'வந்து கொண்டிருந்தேன்' ஆக்கிடுவாங்க. உலகம் பூரா மொழி ஆராய்ச்சிக்காரங்களுக்கு இதே தலைவலி. வில்லியம் லபோவ் 1962ல நியூயார்க்ல பல மாடி டிபார்ட்மென்ட் ஸ்டோருங்களுக்குப் போய், நாலாவது மாடியில இருக்கிற சாமான் எங்க இருக்குன்னு கேட்டு, அவங்க சொல்ற 'ஃபோர்த் ஃப்ளோர்'ல ர சத்தம் வருதான்னு கேட்டு, காது கேக்காத மாதிரி இன்னொரு தடவை சொல்ல வெச்சு, ஓரமா மறைஞ்சு போய் குறிச்சிக்கிட்டாரு, 264 பேர்கிட்ட. ஆனா அவரு பேர் கேக்கல, டேப் போடல, எடுத்தது ரெண்டே வார்த்தை. ஹாஸ்டல்ல நீங்க வீட்டுக்கதை பேசுனதை முழுசா போன்ல வெச்சிருக்கிறது வேற. அழிக்கச் சொல்லு, உன் முன்னாடியே. அழிச்சப்புறம் அவங்க மைக்கோட ஒழுங்கா கேட்டு வந்தா அரை மணி நேரம் பேசு, முதல் பத்து நிமிஷம்தான் மேடைத்தமிழ் வரும், சண்டைக்கதை ஆரம்பிச்சா மைக்கெல்லாம் மறந்துடும்.

கேள்வி: கொஸ்டினேர் ஃபில் பண்ணா பார்ட்டிசிபேஷன் சர்டிபிகேட் குடுக்கணுமா இல்லையா? (பெயர் வேண்டாம்)

பேனா குடுத்தாங்கன்னா திருப்பிக் குடுக்காத.