தோற்றால் மட்டும் வெளிநாட்டுக்காரனா?

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நான் சுவிஸில் 24 வருடமாக இருக்கிறேன். ஊர் வடமராட்சி. ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பந்து விளையாட்டுக்குப் போய் இவ்வளவு மனம் உடைவதா என்று கேட்பார்கள். மனைவியே அப்படித்தான் கேட்கிறா.

2024 ஜூலை 6ஆம் திகதி ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதி, சுவிஸும் இங்கிலாந்தும். அன்று எங்கள் உணவகத்தில் ஆட்கள் குறைவு, நாங்களும் இடைக்கிடை வந்து ரி.வி. முன்னால் நின்றோம். 75ஆவது நிமிடம் சுவிஸின் எம்போலோ கோல் அடித்தபோது, என்னோடு பதினொரு வருடம் வேலை செய்கிற ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளினார். பிறகு இங்கிலாந்து ஒன்று அடித்து, பெனால்டிக்குப் போய், சுவிஸின் முதல் பெனால்டியை அக்கான்ஜி அடிக்க, அதைக் கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். உடனே அதே மனிதர் அதே வாயால் "பாப்பியர்லி ஷ்விட்சர்" என்றார். கடுதாசிச் சுவிஸ்காரன் என்று அர்த்தம், கடவுச்சீட்டில் மட்டும்தான் சுவிஸ், மற்றபடி இல்லை என்பது. எம்போலோ கமரூனில் பிறந்தவர். அக்கான்ஜியின் தாய் சுவிஸ் நாட்டவர், வின்டர்தூர் பக்கம் வளர்ந்த பிள்ளை. கோல் போட்டவர் எங்கே பிறந்தவர் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. தவறவிட்டவரைத்தான் கேட்டார்.

2018 உலகக் கிண்ணத்தில் சேர்பியாவோடு 2–1 வென்ற மச்சில், சேர்பியாவோடு பகை உள்ள கொசோவோவின் அல்பேனியக் குடும்பங்களில் பிறந்த சுவிஸ் வீரர்கள் ஷாக்காவும் ஷகிரியும் கோல் அடித்துவிட்டு இரண்டு கைகளையும் கோர்த்து அல்பேனியக் கொடியில் உள்ள கழுகைக் காட்டினார்கள். அதற்கு ஆளுக்கு 10,000 பிராங்க் தண்டம் கட்டியும் ஆயிற்று. அது போதவில்லை. சில நாட்கள் கழித்து சுவிஸ் உதைபந்தாட்டச் சங்கத்தின் பொதுச் செயலாளரே, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை இனி அணிக்காக வளர்த்தெடுக்க வேண்டுமா என்று பேட்டியில் கேட்டார். அதற்கு முன்னும் பின்னும், தேசிய கீதம் பாடுகிறார்கள் இல்லை, வாயசைக்கிறார்கள் இல்லை என்று ஒரு கணக்கு. மச் தொடங்க முன்னமே கமரா அவர்களின் வாயைத்தான் தேடும். பாடாத வாய் கோல் அடித்தால் யாருக்கும் நினைவில் இருக்காது.

நான் 24 வருடம் வரி கட்டுகிறேன். ஒரு நாள் வேலைக்குப் பிந்தியதில்லை. பிரஜாவுரிமைக்கு எழுதும்போது இந்த நாட்டு மலை, ஆறு, சட்டம் எல்லாம் பாடமாக்கிச் சொன்னேன். என் கடவுச்சீட்டும் கடுதாசிதானே. அப்படியென்றால் அந்த மனிதர் என்னை எந்த நாள் அப்படிச் சொல்லுவார்? கறி கருகிப்போகிற நாளா? அவரோடு இப்போது நான் தேவைக்கு மட்டும்தான் கதைப்பது.

மகனுக்கு 16 வயது. இங்கேயுள்ள கிராமக் கழகத்தில் கோல் காப்பாளராக நிற்கிறான். அவனுக்கு நான் சின்னதில் இருந்தே சொல்லி வந்திருக்கிறேன், தம்பி, நீ எவ்வளவுதான் பாய்ந்து பிடித்தாலும் இவர்கள் உன்னை ஒருநாளும் தங்கள் ஆளாக எடுக்கமாட்டார்கள், நீ தமிழன், அதை மறந்துவிடாதே என்று. அவன் ஒன்றும் சொல்லமாட்டான். இப்போது என்னோடு இருந்து மச் பார்ப்பதும் இல்லை, தன் அறையில் போனில் பார்க்கிறான். செப்டெம்பரில் பாசலில் கொசோவோவோடு சுவிஸ் விளையாடியபோது, ஷாக்கா தன் தாய் தகப்பனின் நாட்டுக்கு எதிராக நிற்கிறார், வந்து பார் என்று கூப்பிட்டேன், வரவில்லை. போன ஓகஸ்டில் எங்கள் ஆட்களின் சுற்றுப்போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அதற்குப் பிறகுதான் இப்படி என்று மனைவி சொல்கிறா. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. தடுப்பு வீரர்களைப் பார்த்து டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கத்தினான், அந்த நேரம் பார்த்து ஒரு கோல் விழுந்தது, எல்லைக்கோட்டில் நின்ற ஒருவர் "டேய் சுவிஸ்காரா, பந்து தமிழில வந்தா பிடிக்கமாட்டியோ" என்று பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான். இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தானே, தனிய இருக்கத்தான் விரும்புவார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். என்னோடு வேலை செய்கிற அந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நாளைக்கு என் பிள்ளைக்கும் இதே அவமானம் வர முன்னம் அவனை அந்தக் கழகத்தில் இருந்து எடுத்து, எங்கள் தமிழ்க் கழகத்தில் மட்டும் விளையாட விடவா? இல்லை, நான்தான் அளவுக்கு மீறி யோசிக்கிறேனா? ஒவ்வொரு மச்சுக்கும் எனக்கு நித்திரை இல்லை.

– சுவிஸிலிருந்து ஒரு தகப்பன்

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் அளவுக்கு மீறி யோசிக்கவில்லை. பதினொரு வருடம் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிய ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னால் அது யாருக்கும் வலிக்கும், அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் கட்டிப்பிடித்த கையோடு. அவரிடம் ஒரு வசனம் போதும். "நீங்கள் அக்கான்ஜியைச் சொன்னது என்னையும் சொன்ன மாதிரி இருந்தது." அமைதியாக, அடுத்த மச்சுக்கு முன்னம், வேலை குறைந்த ஒரு நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டால் நல்லது. வெட்கப்படாவிட்டால் அவரை எந்த அளவில் வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவரைவிடப் பெரிய ஒன்றை நீங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

"எல்லோரும் சிரித்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தார்கள் என்று எழுதவில்லை. நீங்களும் சிரித்தீர்கள்.

அண்ணா, அன்று அந்தக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஒருக்கால் பாருங்கள். கோல் விழுந்த நேரம் ஒரு கோல் காப்பாளன் எவ்வளவு தனியாக இருப்பான் என்பது இவ்வளவு மச் பார்த்த உங்களுக்குத் தெரியும். மற்ற எவர் பிழைவிட்டாலும் பின்னால் இன்னொருவர் இருப்பார், அவனுக்குப் பின்னால் வலை மட்டும்தான். அந்த நேரம் அவன் திரும்பி எல்லைக்கோட்டைப் பார்க்கிறான். தன் பெயரைச் சொல்லாமல் "சுவிஸ்காரா" என்று கூப்பிடுகிறார்கள். சிரிக்கிறவர்களுக்குள் அப்பாவும் நிற்கிறார். வீட்டில் அதே அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், சுவிஸ்காரர் உன்னை ஒருநாளும் எடுக்கமாட்டார்கள், நீ தமிழன் என்று. தமிழரின் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவரேதான். அங்கே அவன் சுவிஸ்காரன். இனி அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்பது?

எல்லைக்கோட்டில் நின்றவர் தமிழில் சொன்னதும் உங்கள் சமையலறையில் சொல்லப்பட்டதும் ஒரே சொல்தான். ஒரு பிழை விட்ட உடனே, நீ எங்கள் ஆள் இல்லை என்பது. அவர்கள் சொன்னால் துவேஷம், நாங்கள் சொன்னால் பகிடி என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் காதில் அந்தப் பிரிவு விழாது. உண்மையைச் சொன்னால் எங்களுடையதுதான் அவனுக்குக் கூடக் கேட்கும், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் அவனுடைய அப்பா நிற்கிறார்.

நீங்கள் துருக்கி வழி வந்த ஜெர்மனி வீரர் மெசுட் ஓசிலைப் பற்றி எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். 2018 ஜூலையில் அவர் ஜெர்மனி அணியை விட்டு விலகியபோது, வென்றால் நான் ஜெர்மன்காரன், தோற்றால் குடியேறி வந்தவன் என்று எழுதியது எல்லோருக்கும் நினைவு இருக்கிறது. உங்கள் கடிதத்தின் பாதி அந்த வசனம்தான். துருக்கி ஜனாதிபதி எர்டோவானோடு அவர் படம் எடுத்துக்கொண்டதை ஒருவர் கேள்வி கேட்கலாம், அது நியாயம், ஓர் அரசியல்வாதியோடு நிற்கும் எந்த வீரரையும் அப்படிக் கேட்கலாம். ஷாக்கா கழுகு காட்டியதையும் அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்வி சில நாளிலேயே "இவன் எப்போதுமே எங்களவன் இல்லை" என்று மாறியது. கெல்சன்கிர்ஹனில் பிறந்து, 92 மச் விளையாடி, 2014இல் உலகக் கிண்ணம் வென்று கொடுத்த ஒருவர்.

ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்னம் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. 2010 ஒக்டோபர் 8, பேர்லின் மைதானம், ஜெர்மனியும் துருக்கியும். ஓசிலின் காலில் பந்து படும்போதெல்லாம் விசிலடித்துக் கூவியவர்கள் அன்று ஜெர்மன் ரசிகர்கள் இல்லை. துருக்கி ரசிகர்கள். அவருடைய தாய் தகப்பனின் மொழி பேசுகிறவர்கள், எங்களை விட்டுவிட்டு அவர்களுக்கு விளையாடுகிறாயா என்று. அன்று அவர் ஒரு கோல் அடித்தார், கொண்டாடவில்லை, பேசாமல் திரும்பி நடந்தார். ஜெர்மனி 3–0 வென்றது. முதல் விசில் சொந்தப் பக்கத்தில் இருந்து வந்தது. எட்டு வருடம் கழித்து மற்றப் பக்கமும் விசிலடித்தது. இந்த இரண்டில் எது அவருக்குக் கூட வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மகனுக்கு எது கூட வலித்தது என்பதை மட்டும், அவன் கதவைச் சாத்தியதில் இருந்து, ஓரளவு சொல்ல முடியும்.

நீங்கள் கெட்ட தகப்பன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று எனக்கு விளங்குகிறது. ஊர் ஆட்களோடு வருடத்தில் ஒரு நாள், பாட்டுப் போகிறது, கொத்துரொட்டி மணக்கிறது, உங்களை யாரும் கடுதாசி என்று சொல்லாத ஒரே இடம் அது. அந்த இடத்தில் நீங்கள் மட்டும் சிரிக்காமல் நிற்பது கஷ்டம். அந்த உணவகத்தில் துள்ளிய மனிதரும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுதான் அதைச் சொன்னார். அதற்காக அவரை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்களின் வாயிலிருந்தும் அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. "இவர்கள் உன்னை ஒருநாளும் எடுக்கமாட்டார்கள்" என்று சின்ன வயதில் இருந்தே சொல்வதை நீங்கள் ஒரு குடை மாதிரி நினைக்கிறீர்கள், மழை வர முன்னம் பிடித்து வைக்கிறீர்கள். நனைந்து வந்த உங்களுக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் அவன் அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகளோடு சேற்றில் விழுந்து எழும்புகிறான், பயிற்றுநர் அவனை நம்பிக் கோலில் விடுகிறார். அவனுடைய சுவிஸ் உங்கள் சுவிஸ் இல்லை. உங்களுக்கு அது வந்து சேர்ந்த நாடு, பாடமாக்கி எழுதி வாங்கிய நாடு. அவனுக்கு அது விளையாடுகிற தெரு. அவனுக்கும் ஒரு நாள் அந்தச் சொல் வரலாம், வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வந்தால், அன்று அவன் ஓடி வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். இப்போதைக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை.

2016 ஐரோப்பியக் கிண்ணத்தில், ஜூன் 11ஆம் திகதி, லான்ஸ் நகரில் ஷாக்கா சகோதரர்கள் எதிரெதிராக விளையாடினார்கள். கிரானிட் சுவிஸுக்கு, அண்ணன் தவுலான்ட் அல்பேனியாவுக்கு. இருவரும் பாசலில் வளர்ந்தவர்கள். அவர்களின் தாய் பாதி சுவிஸ் கொடியும் பாதி அல்பேனியக் கொடியுமாக இருந்த ஒரு ரீசேர்ட் போட்டுக்கொண்டு இருந்தா. சுவிஸ் 1–0 வென்றது. அந்தத் தகப்பன் இளமையில் யூகோஸ்லாவியாவில் அரசியல் கைதியாக மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். நாடு என்றால் என்ன, இனம் என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக்கும் அப்படித்தான். அந்தத் தாய் எந்த மகனையும் பார்த்து நீ பிழையான பக்கம் நிற்கிறாய் என்று சொல்லவில்லை. இரண்டு கொடியையும் போட்டுக்கொண்டு வந்து இருந்தா.

கழகத்தில் இருந்து எடுக்கவா என்று என்னிடம் கேட்கிறீர்கள். 16 வயதுப் பிள்ளையின் கையுறையை எங்கே மாட்டுவது என்று தீர்மானிக்க எனக்கும் உரிமை இல்லை, இந்த விஷயத்தில் உங்களுக்கும் பெரிதாக இல்லை. எடுக்காதீர்கள். அவன் விருப்பத்தோடு போகும் ஒரே இடமாக அது இப்போது இருக்கலாம்.

மகனிடம் போய், "அன்றைக்கு அந்த ஆள் சொன்னதும் பிழை, நான் சிரித்தது அதைவிடப் பிழை" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். ஆனால், அவர் பகிடிக்குத்தான், உனக்கும் தமிழ் இன்னும் வடிவாக வரவேண்டும் என்று ஒரு வால் சேர்த்தால் எல்லாம் வீண். அவன் டொச்சில் பதில் சொன்னால் டொச்சிலேயே கேளுங்கள். ஒன்றும் சொல்லாமல் தோளைக் குலுக்கினாலும் சரி, எழும்பி வந்துவிடுங்கள், மச் போட்டுவிட்டுக் கூப்பிடாதீர்கள், அவனே படி இறங்கி வரட்டும். கன நாள் எடுக்கலாம். அப்புறம், அந்தச் சுற்றுப்போட்டிக்கு அடுத்த தடவை போனால், அதே கோட்டில் நின்று அதே மனிதரிடம், எல்லோரும் கேட்கத்தக்கதாக, "அவனுக்குப் பெயர் இருக்கு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்று சொல்ல வேண்டும். சமையலறையில் நிற்கும் அந்த மனிதருக்குப் பதில் சொல்வதைவிட இதுதான் கஷ்டம். நம்மவர்களிடம் சொல்வதுதான் எப்போதும் கஷ்டம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் எம்போலோ இருக்கிறார், அக்கான்ஜி இருக்கிறார், ஷாக்கா, ஷகிரி எல்லோரும் இருக்கிறார்கள், எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது என்பது கூட இருக்கிறது. உங்கள் மகனுக்கு எந்தக் கோல் காப்பாளரைப் பிடிக்கும், இந்த வருடம் அவன் எத்தனை பெனால்டி தடுத்தான், அன்று விழுந்த அந்தக் கோல் எப்படி விழுந்தது, ஒன்றும் இல்லை. அவனிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.