குடல் அழற்சி உள்ளவர்களுக்குச் சாப்பிட்டதும் மலம் அவசரமாக வருவது ஹார்மோனாலா, நரம்பாலா?

இரண்டாலும்தான். ஒன்பது வருடமாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாகும் நோய். தினமும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.

சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் நடப்பதுதான். வயிறு விரிந்ததும் நரம்புகள் தகவல் கொடுக்கும், கூடவே காஸ்ட்ரின், கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்களும் சேரும். பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் மலக்குடல். அது நன்றாக இருந்தால் கொஞ்சம் விரிந்துகொடுத்துத் தாங்கிக்கொள்ளும். புண்ணான மலக்குடல் விரியாது. அங்குள்ள நரம்பு முனைகளுக்கும் கூச்சம் அதிகமாகி, சிறிது காற்று வந்தாலே நிறைந்துவிட்டது என்று சொல்லும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால், பள்ளிகொண்டா வருவதற்குள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருப்பேன். இறங்கி ஓடிப்போய் உட்கார்ந்தால் வருவது ஒரு ஸ்பூன் சளியும் ரத்தமும்தான். "பஸ்ஸுன்னாலே உனக்கு பயம்மா" என்பார் அம்மா. பதற்றம் குடலைத் தூண்டும், உண்மைதான். ஆனால் புண்ணைப் பயம் என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

செரோடோனின் என்றால் மூளைதான் நினைவுக்கு வரும். உடம்பில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான். அதுதான் குடல் சுவர் நரம்புகளைத் தூண்டிவிடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சும் புரதம் ஒன்று உண்டு. அழற்சியில் அது குறைவதைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் தூண்டுதல் நீடிக்கிறது.

பெண்களுக்கு இன்னொன்று. மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் குடலையும் சேர்த்துச் சுருக்கும். காலண்டரில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். மற்ற நாளில் நான்கு தடவை என்றால், முதல் இரண்டு நாளும் ஏழு. நோய் முற்றிவிட்டதோ என்று அழுத நாட்களை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோய் கடுமையாக இருக்கும்போது பேதி நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பெருங்குடல் அசைவற்று உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்குப் பெருங்குடலின் மேல்பகுதியில் மலம் கட்டியிருக்க, கீழே சளியும் ரத்தமும் மட்டும் அடிக்கடி போகும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு ஆசனவாயில் வைக்கும் மெசலமின் மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். புண் ஆற ஆறத்தான் அவசரம் அடங்கியது. பள்ளிகொண்டா தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கிப்போகும் நாட்களும் இப்போது உண்டு.