முழங்கால் போனாலும் அங்கேயே படிப்பானா?

வணக்கம் சார். உங்கள் பையனை ஒரு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆடக் கூப்பிட்டது பற்றிய கடிதத்தில் பாதி கோபம், பாதி பயம். (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) "கோச் வீட்டுக்கு வந்து பேசினார், பையன் மயங்கிவிட்டான், கம்ப்யூட்டர் சயின்ஸ் போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கேயும் போகவில்லை. எம்.ஐ.டி., கார்னகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாமே தம்பியை, அதாவது உங்கள் பையனைக் கூப்பிட்ட கல்லூரி ஆடும் அதே டிவிஷன் 3-ல்தான் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு) ஃபுட்பால் ஆடுகின்றன. ஃபுட்பால் ஆடினால் படிப்பு வராது என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

ஆனால் பண விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கிடையாது, விதியே அப்படித்தான். மதிப்பெண்ணைப் பார்த்தும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் தருவார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். மாணவர் சேர்க்கைக்குத் திண்டாடும் சின்னத் தனியார் கல்லூரிகள் பலவற்றுக்கு ஃபுட்பால் டீம் என்பது இடங்களை நிரப்பும் வழி. நூறு பையன்களுக்கு மேல் சேர்ப்பார்கள், களத்தில் நிற்பது பதினோரு பேர், கட்டணம் எல்லாரும் கட்ட வேண்டும். கோச் கூப்பிட்டது பெருமைதான், அதற்காகக் கட்டணம் குறையப் போவதில்லை.

படிக்க நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லேண்ட் அரசுக் கல்லூரியின் 2023 சீசனைப் பாருங்கள். வழக்கமான ஆட்டங்கள் பத்து. பிறகு அந்த வருடம் 32 அணிகள் மோதிய நாக்-அவுட்டில் ஐந்து. பதினைந்தில் பதினான்கில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் டிசம்பர் 15, வர்ஜீனியாவின் சேலத்தில் (நம்ம சேலம் இல்லை!). எதிரே நடப்பு சாம்பியன் நார்த் சென்ட்ரல் கல்லூரி. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நார்த் சென்ட்ரல் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோவது) போட்டு 38-37 என்று நெருங்கியது. டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு வாய்ப்பில், ஒரு உதை உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம். அவர்கள் பந்தை மறுபடி கோட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுத்து ஜெயிக்கத் துணிந்தார்கள், கிடைக்கவில்லை. கார்ட்லேண்டுக்கு அதுதான் முதல் ஃபுட்பால் பட்டம்.

எனக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆலோசகராக நான் பார்ப்பது காலண்டரை. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பயிற்சி முகாம். டீம் நாக்-அவுட்டில் நீடித்தால் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக்கூட வீடு வர முடியாது. டிசம்பர் நடுவிலும் நாக்-அவுட்டில் இருந்தால் அது செமஸ்டர் பரீட்சை நேரம். டீம் நன்றாக ஆட ஆட, படிப்பு நெருக்கடியும் கூடும். எனவே கோச்சிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மதியம் லேப் வகுப்பும் பயிற்சியும் மோதினால் எதற்குப் போவான்? கோடைகால இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் முகாம் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? "பார்த்துக்கலாம்" என்று மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தலையில் அடிபட்டால் யார் பரிசோதிப்பார்கள், எப்போது திரும்ப ஆட விடுவார்கள் என்றும் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

ப்ரோ கனவு பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. எல்லா டிவிஷன்களையும் சேர்த்தாலே, கல்லூரி விளையாட்டு வீரர்களில் தொழில்முறைக்குப் போவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. தம்பிக்கும் இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நான் அவனிடம் கேட்கப்போவது வேறு. முதல் வாரமே முழங்கால் போய்விட்டது, இனி ஆட முடியாது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில், அந்த வகுப்பறையில், அந்தக் கடனோடு நான்கு வருடம் இருக்கச் சம்மதமா? கார்ட்லேண்டில் உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மை படிக்கிறவனுக்கு ஆட்டம் நின்றாலும் அங்கேயே இருக்கக் காரணம் உண்டு. தம்பியைக் கூப்பிட்ட கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் எத்தனை ஆசிரியர்கள், மூன்றாம் ஆண்டில் என்னென்ன பாடம், போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள்? நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை சார். கோச்சின் கைகுலுக்கல்தான் இருக்கிறது.

உதவித்தொகைக் கடிதம் வந்ததும் அனுப்புங்கள், நான்கு வருடக் கணக்கைச் சேர்ந்து போடலாம். அடுத்த முறை தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். அவனுக்குத் தெரியாமல் வேண்டாம்.