வரி ரசீது இல்லாதவனின் ஜாமீன்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாவட்டத்தில் குற்றவியல் வழக்கறிஞர்கள் 11 பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். நீதித்துறையில் வரவேண்டிய சீர்திருத்தங்களை 24 அம்சங்களாகத் தொகுத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்போகிறோம். காலியாக இருக்கும் நீதிபதி இடங்கள், இணையவழி மனுத்தாக்கல், தடய அறிவியல் கூடங்கள், கோடையில் கறுப்புக் கோட்டுக்கு விலக்கு எல்லாம் அதில் உண்டு. பட்டியலை இணைத்திருக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான். அறிக்கையைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? தமிழில் என்றால் ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ போன்ற பெயர்களை என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தமிழில் எழுதுங்கள். பெயரை ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு, அப்புறம் ‘புதிய நடைமுறைச் சட்டம்’ என்றே போங்கள். கோட்டைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. வியர்த்தால் கழற்றுங்கள்.

உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். ஜாமீன் 19ஆவது அம்சமாக வருகிறது, ஒரே வரியில்: ‘பிணை மனுக்கள் விரைந்து விசாரிக்கப்பட வேண்டும்.’ சரி. விசாரித்து, ஜாமீனும் கொடுத்த பிறகு வெளியே வர முடியாமல் உள்ளேயே கிடப்பவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே? 11 குற்றவியல் வக்கீல்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாதா? அவனுடைய அம்மா உங்கள் குமாஸ்தாவின் மேசை முன்னால்தானே நிற்கிறாள், தம்பி.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா வக்கீல் குமாஸ்தா. எனக்குப் பதினேழு வயதிருக்கும். எங்கள் பக்கத்தில் கிணறு தூர்வாருகிற ஒருவரைத் தேங்காய் திருடியதாகப் பிடித்துப் போனார்கள். ஒன்பதாம் நாள் ஜாமீன் கிடைத்தது. உத்தரவில் வழக்கமான வரிதான்: இரு நபர் ஜாமீன், அதாவது அவருக்காக இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். அந்த இரண்டு பேரும் வீட்டு வரி ரசீது கொண்டுவர வேண்டும். அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்கள். புறம்போக்குக் குடிசைக்கு ஏது வரி, ஏது ரசீது? ஜாமீன் கிடைத்த பிறகு இன்னும் 41 நாள் உள்ளே இருந்தார்.

கடைசியில் அப்பா ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரையும் மளிகைக்கடைக்காரர் ஒருவரையும் பிடித்தார். வாத்தியார் மஞ்சள் பைக்குள் ஒரு பாலித்தீன் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் நாலாக மடித்த ரசீது என்று கொண்டுவந்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோய், தொகை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. “இவரை எப்படித் தெரியும்?” என்று மேலிருந்து மாஜிஸ்திரேட் கேட்டார். “எங்கள் வீட்டுக் கிணற்றில் இறங்கியிருக்கிறார்” என்றார் வாத்தியார். ரிலீஸ் ஆர்டரோடு ஜெயில் வாசலுக்குப் போனால் லாக்கப் அடைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு ராத்திரி.

மோதி ராம் வழக்கு உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே, 1,000 ரூபாய்க்கு விடச் சொன்னார். ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால் அங்கே நிலமுள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டார். இன்றைக்கு அதையே திருப்பிப் போடுங்கள். பிகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த பையன் உங்கள் ஊர் கோர்ட்டில் நிற்கிறான். உள்ளூர் ஜாமீனுக்கு அவன் யாரைக் கூட்டிவருவான்?

ஆள் கிடைக்காதபோது டீக்கடையில் ஆள் கிடைக்கிறது. எந்தக் கோர்ட் வாசலிலும் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. முன்பின் பார்த்திராதவனை “நல்லாத் தெரியும் ஐயா” என்பார்கள். எத்தனை பேருக்கு ஏற்கெனவே ஜாமீன் நிற்கிறோம் என்று ஜாமீன்தாரர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தத் தாளை நிரப்பித் தருவதும் நம் ஆட்கள்தான். பணமில்லாதவனிடம் சொத்துள்ளவனைக் கேட்டால், அவன் பொய்யைத்தான் வாடகைக்கு எடுப்பான்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதா என்று பார்க்கலாம். அதே ஆண்டில் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்ட ஒரு திட்டமும் கொண்டுவந்தது. ஆக, காகிதத்துக்குக் குறைவில்லை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கிறார்கள்? உங்கள் ஊர் கிளைச் சிறைக்குக் கணக்கு எடுக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். 11 பேர் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். அதைச் செய்யாமல் தடய அறிவியல் கூடத்துக்குக் கட்டடம் கேட்கிறீர்கள்.

கோர்ட் புறக்கணிப்பு பற்றியும் பட்டியலில் ஒன்றுமில்லை. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியாகிவிட்டது. சண்டைக்கு வரவேண்டாம், உங்களுக்கும் நியாயம் இருக்கும். அன்றைக்கு வாய்தா வாங்கிக்கொண்டு வேனில் திரும்பிப் போகிறவனிடம் அந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்.

குழுவில் ஒரு குமாஸ்தாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உள்ளே இருந்துவிட்டு வந்த ஒருவரையும்.

தேங்காய் வழக்கு மூன்று வருஷம் நடந்து விடுதலையில் முடிந்தது. அந்த மூன்று வருஷமும் வாத்தியாருக்குத் தூக்கமில்லை. ரேஷன் கார்டில் கோர்ட் முத்திரை குத்திவிட்டார்கள். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “அவன் ஊரில்தான் இருக்கிறானா?” என்று அப்பாவிடம் கேட்பார். இருந்தார். பெரும்பாலும் வாத்தியார் வீட்டுக் கிணற்றுக்குள்.