வசந்தத்தில் தோட்டப் பறவைகளுக்கு முட்டை ஓடு வைக்கச் சொல்வது ஏன்?

முட்டை ஓட்டுக்கு உறுதி தரும் தாதுவே சுண்ணாம்புச்சத்து. ஐரோப்பியத் தோட்டங்களில் வாழும் பெரிய பட்டாணிக்குருவி, வசந்தத்தில் நாளுக்கு ஒன்றாக 8, 9 முட்டைகள்கூட இடும். அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்பு அதன் மெல்லிய எலும்புகளில் சேமிப்பாக இல்லாததால், அன்றாடம் கூலி வாங்கி உலை வைக்கும் குடும்பத்தைப் போல, அன்றைய தேவையை அன்றன்றே, பெரும்பாலும் நத்தை ஓடுகளிலிருந்து, தேடிக்கொள்கிறது. நெதர்லாந்தில் மண் அமிலமாகி நத்தைகள் அருகிய காடுகளில், இப்பறவையின் முட்டைகள் மெல்லிய ஓட்டுடன் பொரியாமல் போனதை 1990-களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர், வருந்தத்தக்க செய்திதான். ஆகவே கோழிமுட்டை ஓட்டைக் கழுவி, கிருமி சாக நன்கு சூடேற்றி, அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கி வையுங்கள். தானியம் தாராளமாக வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். தானியம் பசியாற்றுமே தவிர, ஓடு கட்டும் சுண்ணாம்பு அதில் மிகக் குறைவு.