இரண்டாவது சர்வ் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காட்பாடியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி அணியில் டென்னிஸ் ஆடுகிறேன். ராலி, அதாவது பந்தை மாற்றி மாற்றி அடித்து ஆடுவது, நன்றாக வரும். ஃபோர்ஹேண்டை எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் போட்டி என்று வந்தால் தோற்றுவிடுகிறேன். போன மாதம் ஒரே ஆட்டத்தில் 9 டபுள் ஃபால்ட். பாயிண்டைத் தொடங்கப் போடும் சர்வுக்கு இரண்டு வாய்ப்பு உண்டே, அந்த இரண்டும் 9 தடவை தப்பிப் பாயிண்ட் போனது. என்னோடு ஆட இங்கே என் வயதுப் பெண்கள் இல்லை. சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால்தான் உருப்பட முடியும் என்கிறார்கள். விலை கூடிய ராக்கெட் வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. வெயிலில் கறுத்துப்போகிறேன் என்று அம்மாவுக்கு வருத்தம். நான் என்ன செய்யட்டும்?

எஸ்., காட்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் பல கவலைகள் இருக்கின்றன. என் கண் நின்றது அந்த 9 என்ற எண்ணில்தான். ஒரு கேமை ஜெயிக்க 4 பாயிண்ட் போதும். 9 டபுள் ஃபால்ட் என்றால் எதிரில் நிற்பவள் ராக்கெட்டை அசைக்காமலே இரண்டு கேமுக்கு மேல் நீ கொடுத்திருக்கிறாய். அதனால் இப்போதைக்கு ஃபோர்ஹேண்டை விடு, இரண்டாவது சர்வைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பள்ளி நாட்களில் நானும் இதே வேலூர் வெயிலில் ஆடியவள். ஒரு போட்டியில் 5–4 என்று முன்னால் இருந்தேன், சர்வ் என்னுடையது. இன்னும் ஒரு கேம் ஜெயித்தால் செட் எனக்கு. அந்த ஒரு கேமில் 3 டபுள் ஃபால்ட். கோர்ட்டுக்கு வெளியிலிருந்து எங்கள் பயிற்சியாளர் "உள்ளே போடு, உள்ளே போடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். நானும் கையை மெதுவாக்கி, பந்தைத் தள்ளி உள்ளே போடப் பார்த்தேன். பந்து வலையில் போய் விழுந்தது. செட் போய்விட்டது, அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பயந்து கையை மெதுவாக்கியதுதான் தப்பு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. உனக்கு அத்தனை வருஷம் ஆக வேண்டாம் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார். நீ சர்வ் போட நிற்கும் பேஸ்லைனிலிருந்து வலைக்கு 39 அடி. வலையிலிருந்து, சர்வ் தாண்டக் கூடாத சர்வீஸ் கோட்டுக்கு 21 அடி. ஆக மொத்தம் 60. நடுவில் வலையின் உயரம் 3 அடி. உன் உயரம் ஐந்தேகால் அடி என்று வைத்துக்கொள்வோம். கையையும் ராக்கெட்டையும் நீட்டி அடித்தால் பந்தைத் தொடும் இடம் எட்டரை அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து சர்வீஸ் கோட்டுக்கு நேர்கோடு இழுத்தால், வலையைக் கடக்கும்போது அதன் உயரம் 3 அடிக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது அந்தக் கோட்டை வலை தடுத்துவிடும்! நேராக, பலமாக அடித்த பந்து உள்ளே விழ வழி மிகவும் குறுகல். பந்து மேலே போய், வலையைத் தாண்டி, அப்புறம் வளைந்து கீழே இறங்க வேண்டும். பூமியின் ஈர்ப்பு கொஞ்சம் இறக்கிவிடும். மீதியைச் சுழற்சிதான் செய்ய வேண்டும்.

முன்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். டாப்ஸ்பின் என்பது அதுதான். சுழற்சி எங்கிருந்து வரும்? கையின் வேகத்திலிருந்து. முதல் சர்வுக்கு வீசுகிற அதே வேகத்தில் கையை வீச வேண்டும். ஆனால் பந்தை அறையாமல், அதன் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். கை மெதுவானால் சுழற்சி போய்விடும், சுழற்சி போனால் பந்து வளைந்து இறங்காது. உள்ளே விழட்டும் என்று தாழ்வாகத் தள்ளினால் வலையில் போய் விழும். அன்று எனக்கு நடந்தது அதுதான்.

முதலில் கிரிப்பை, அதாவது ராக்கெட்டைப் பிடிக்கிற விதத்தைப் பார். பெரும்பாலான பிள்ளைகள் தோசைத் திருப்பியைப் பிடிக்கிற மாதிரி, ராக்கெட் முகம் வலையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு சர்வ் போடுகிறார்கள். அந்தப் பிடியில் பந்தைத் தள்ளத்தான் முடியும், தேய்க்க முடியாது. இளநீர் சீவ அரிவாளைப் பிடிப்பது போல, விளிம்பு முன்னால் இருக்கப் பிடி. காண்டினென்டல் கிரிப் என்று சொல்வது இதைத்தான். முதல் இரண்டு வாரம் பந்து எங்கெங்கோ போகும். அழுகையாக வரும். பழைய பிடிக்குத் திரும்பிவிடாதே.

அடுத்தது டாஸ், சர்வுக்காகப் பந்தை மேலே போடுவது. இதற்குக் கோர்ட்டே வேண்டாம், மொட்டை மாடி போதும். இடது கையை மடக்காமல் தூக்கிப் பந்தை விடு. அடிக்காமல் கீழே விழவிட்டு, எங்கே விழுகிறது என்று பார். சுழற்சி சர்வுக்குப் பந்து உன் தலைக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கமாக இருக்க வேண்டும். பத்து முறை போட்டால் எட்டு முறை ஒரே இடத்தில் விழ வேண்டும். ஆடிக் காற்றில் டாஸ் அலையும்; அப்போது உயரத்தைக் குறைத்துக்கொள். சரியில்லாத டாஸை அடிக்காமல் பிடித்துவிட்டு மறுபடி போடலாம், விதி அதை அனுமதிக்கிறது.

ஆட ஆள் இல்லை என்றாய். யாரும் இல்லாமல் பழகக்கூடிய ஒரே அடி இந்த சர்வ்தான், தங்கை! ஒரு வாளிப் பழைய பந்தும் காலிக் கோர்ட்டும் இருந்தால் போதும். காலை ஐந்தரை மணிக்குப் போ. வெயில் ஏறினால் பந்தும் சூடாகி அதிகமாக எகிறும், சித்திரை வைகாசியில் அது நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது சர்வ், வாரத்தில் நாலு நாள். அதற்கு மேல் வேண்டாம், வளர்கிற தோள் அது. வலித்தால் அன்றே நிறுத்து. உப்புப் போட்ட மோரும் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

நம் தமிழ்நாட்டு டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கியவர், 1960, 1961 இரண்டு வருஷமும் அங்கே அரையிறுதிக்குப் போனவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. மகன் ரமேஷ் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். ரமேஷின் சர்வில் வேகம் கிடையாது. இடம் பார்த்துப் போடுவார், மீதியை ராலியில் பார்த்துக்கொள்வார். ராலி நன்றாக ஆடுகிற உனக்கு, அந்த ராலி தொடங்குகிற அளவுக்கு ஒரு சர்வ் இருந்தால் போதும். சென்னைக்குப் போவதை அடுத்த வருஷம் யோசிக்கலாம். ராக்கெட்டையும் மாற்ற வேண்டாம். அதில் கட்டியிருக்கும் நரம்பு பழசாகியிருந்தால் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: வேலூரில் வெயிலில் நிற்காமல் எந்தப் பிள்ளையும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. தொப்பி போட்டுக்கொள்வாய், காலையிலேயே முடித்துவிடுவாய் என்று அவருக்கு வாக்குக் கொடு. கறுப்பைப் பற்றி வேறு யாராவது பேசினால் பதில் சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. அடுத்த ஒரு மாதம் பயிற்சி ஆட்டங்களில் முதல் சர்வே போடாதே. ஒரு பாயிண்டுக்கு ஒரே சர்வ், அதுவும் இந்தச் சுழற்சி சர்வ். தப்பினால் பாயிண்ட் போனது. நிறையத் தோற்பாய். எத்தனை சர்வ் தப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து, மாதக் கடைசியில் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா