பல் டாக்டர் பதில்கள்: பிரஷர் இருந்தால் பல் எடுக்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிரஷருக்கு அம்லோடிபின், அதோடு ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது, வலி தாங்கவில்லை. எடுக்கப் போன இடத்தில் பிரஷர் 190/110 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல் எடுத்தால் ரத்தம் நிற்காது என்று உறவினர் ஒருவர் சொன்னதால் ஆஸ்பிரினை நான்கு நாளாக நிறுத்தியிருக்கிறோம். வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்கிறோம். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இன்றைக்கே ஹார்ட் டாக்டருக்குப் போன் செய்து, ஆஸ்பிரினை நிறுத்தியதைச் சொல்லுங்கள். அநேகமாக உடனே ஆரம்பிக்கச் சொல்வார். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாமே என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் எங்களுக்கு வழி இருக்கிறது. பஞ்சை வைத்து அழுத்துவோம், தையல் போடுவோம், குழிக்குள் ஜெலாட்டின் ஸ்பாஞ்ச் வைப்போம், ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்தில் நனைத்த பஞ்சைக் கடிக்கச் சொல்வோம். ஆனால் ஆஸ்பிரின் இல்லாமல், இதய ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் நான் எங்கே போய் அழுத்துவது? ஒரு பல் எடுக்க ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை.

டைக்ளோஃபெனாக்கையும் விட்டுவிடுங்கள். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். இதய நோயாளிகளுக்கு ஆகாத மாத்திரை அது. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். பிரஷரை ஏற்றும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கவலைப்படுகிறோம். வலிக்கு பாராசிட்டமால் போதும்.

திருப்பி அனுப்பியவரைக் குறை சொல்ல மாட்டேன். 180/110-ஐத் தொட்டாலே அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அந்த 190 எப்படி எடுத்த அளவு? மாடி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே, பல் நாற்காலியில் சாய்த்து, பக்கத்தில் டிரில் சத்தம் கேட்கும்போது எடுத்தார்களா? நான் நோயாளியை வெளியே சாதாரண நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்பேன். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. இதுதான் பெரிய கஷ்டம். கையில் பட்டையைச் சுற்றியதுமே மருமகள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். (உங்கள் மாமியாரைச் சொல்லவில்லை!) பிறகு இன்னொரு முறை அளந்து பார்ப்பேன். பல பேருக்கு இரண்டாவது அளவு குறைந்துதான் இருக்கும். அப்போதும் இறங்காவிட்டால் பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் போய் மாத்திரையைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்து உடனே இறக்கிவிடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். அது கூடவே கூடாது. பிரஷர் திடீரென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

அப்புறம், மரத்துப்போகிற ஊசி. பிரஷர்காரர்களுக்கு அதைப் போடவே கூடாது என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. நாங்கள் போடும் லிக்னோகெயின் என்ற மரக்கும் மருந்தில், பிரஷரை ஏற்றக்கூடிய அட்ரினலின் கலந்திருக்கும், உண்மைதான். ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம். இதய நோயாளி என்றால் மொத்தம் 40 மைக்ரோகிராமைத் தாண்ட மாட்டோம், அதாவது சுமார் 3 மில்லி. ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு 2 மில்லியே பெரும்பாலும் போதும். ஊசி ரத்தக்குழாயில் இறங்கவில்லையே என்று பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போடுவோம். சரியாக மரக்காமல் பல்லை ஆட்டினால், அந்த வலியிலும் பயத்திலும் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலின் அதைவிட அதிகம். பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அட்ரினலினோடு சேர்ந்தால் பிரஷர் எகிறலாம்.

பல் எடுக்கிற அன்று வழக்கம்போல் டிபன் சாப்பிட்டு, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையிலேயே வரட்டும். வெறும் வயிறு வேண்டாம். 'ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை' என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது, அட்டைகளையே கொண்டு வாருங்கள். முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்க விடாதீர்கள், தலை சுற்றும்.

ஒன்று மட்டும் அவசரம்: முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை என்றால் பிரஷர் இறங்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அம்லோடிபின் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஈறு தடித்து, முன்பல் மேல் ஏறிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும்; பல்லில் அழுக்கும் காரையும் சேர்ந்த இடத்தில் இன்னும் அதிகமாக வளரும். முதலில் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பிரஷர் டாக்டரிடம் ஈறைக் காட்டி, வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாற்றினால் பல பேருக்குச் சில மாதங்களில் ஈறு வற்றிவிடும். வற்றாமல் நிற்பதை வெட்டிச் சரிசெய்யலாம். அதுவரை பழைய மாத்திரையே தொடரட்டும்.